காரேஜ் இடத்துல ரெண்டு சின்ன வீடு: கவுன்சில் ப்ரீ-ஆப் சர்வீஸ் பத்தி என் ரிவ்யூ

லண்டன்ல கொஞ்சம் வெளிப்பக்கம் இருக்கற ஒரு பரோ கவுன்சிலோட (பரோன்னா லண்டன்ல ஒரு வட்டாரம், அத நடத்தற உள்ளாட்சிதான் கவுன்சில்) ப்ரீ-ஆப் சர்வீஸுக்கு காசு கட்டினோம், அனுபவம் பாதி நல்லது பாதி எரிச்சல், அதான் எழுதறேன். கவுன்சில் பேரு சொல்லல, எந்த கவுன்சிலா இருந்தாலும் நான் சொல்றதுல முக்காவாசி பொருந்தும்.

தெரியாதவங்களுக்கு, ப்ரீ-ஆப்னா பிளானிங் அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடியே நம்ம வரைபடத்த கவுன்சில் பிளானிங் ஆபீசர் கிட்ட காட்டி, இது நடக்குமா நடக்காதா, எங்க இடிக்கும்னு எழுத்துல பதில் வாங்கறது. இங்கிலாந்துல இதுக்கு ஒரே ரேட் எல்லாம் கிடையாது, ஒவ்வொரு கவுன்சிலும் தானே ஃபீஸ் வெச்சுக்கலாம். எங்களுக்கு வாட் சேர்த்து 900 பவுண்டுக்கு மேல ஆச்சு, அதுல ஒரு தடவ இடத்த நேர்ல வந்து பாக்கறதும், ஒரு மீட்டிங்கும், கடைசில ஒரு லெட்டரும் அடக்கம்.

எங்க கதை சின்னது. அண்ணன் வாங்கின வீடு தெரு முனை வீடு, பின்னாடி தோட்டத்துக்கும் அந்தாண்ட பக்கத்துத் தெருவப் பாத்த மாதிரி மூணு பழைய காரேஜ், கூரை ஷீட் உடைஞ்சு, கதவு துருப்பிடிச்சு, உள்ள யாரும் கார் நிறுத்தி பல வருஷம் இருக்கும். நான் இந்த ஊருக்கு வந்து 11 வருஷம், நாலு வாடகை வீடு மாறியாச்சு, ஒவ்வொரு தடவையும் பசங்க ஸ்கூல் பக்கத்துல கிடைக்குமா கிடைக்காதான்னு வயித்துல புளியக் கரைக்கும். அப்பதான் அண்ணன் சொன்னார், "ஏம்மா, அந்த காரேஜ இடிச்சிட்டு ரெண்டு சின்ன வீடு கட்டினா என்ன, ஒண்ணுல நீ இரு, இன்னொண்ண வித்து கட்டின கடன அடைச்சிடலாம்". ஆர்க்கிடெக்ட் எல்லாம் வெக்கல, தெரிஞ்சவர் ஒருத்தர் படம் வரைஞ்சு குடுத்தார், நேரா அப்ளிகேஷனே போட்டுடலாம்னு அண்ணன் சொன்னத நான்தான் பிடிவாதமா தடுத்து ப்ரீ-ஆப் போடவெச்சேன். அந்தப் பிடிவாதத்துக்கு இப்ப சந்தோஷப்படறேன்.

முதல்ல எரிச்சல சொல்லிடறேன். ஆன்லைன்ல காசு ஒரு நிமிஷத்துல எடுத்துட்டாங்க, பதில் 30 வேலை நாள்லன்னு போட்டிருந்தாங்க, கைக்கு லெட்டர் வந்தப்ப 11 வாரம் ஆயிடுச்சு. நடுவுல ஒரு தடவ லொக்கேஷன் பிளான் சரியில்லைன்னு திருப்பி அனுப்பினாங்க, சிவப்புக் கோடு காரேஜ சுத்தி மட்டும் போட்டிருந்தோம், அது பொது ரோடு வரைக்கும் போய் தொடணுமாம், ஏன்னா அந்த வீட்டுக்கு ஆளும் வண்டியும் எப்படி உள்ள போகும்ங்கறதும் அந்த சைட்ல அடக்கம். நியாயம்தான். ஆனா இத சொல்றதுக்கு மூணு வாரம் எடுத்துக்கிட்டாங்க, அதுக்குள்ள எங்க கேஸ் பாத்த ஆபீசரும் மாறிட்டாங்க, புது ஆபீசருக்கு முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்ல வேண்டியதாப் போச்சு.

ஆனா அந்த புது ஆபீசர் வந்து நின்னாங்க பாருங்க, அந்த ஒரு மணி நேரத்துக்கே குடுத்த காசு தகும். மழை தூறிட்டிருந்துச்சு, அவங்க காரேஜ் பக்கம் கூட போகல, முதல்ல போய் பக்கத்து வீட்டு சமையல் ரூம் ஜன்னலுக்குக் கீழ நின்னாங்க, அங்கேர்ந்து திரும்பி எங்க காரேஜ் கூரையப் பாத்தாங்க, "இந்த ஜன்னல்ல நிக்கறவங்களுக்கு உங்க புது சுவர் எவ்வளவு உயரத்துல தெரியும்"னு கேட்டாங்க. எங்க படத்துல அந்த ஜன்னலே வரையல. அப்புறம் தெருவுக்கு வந்து, குப்பை லாரி எங்க நிக்கும், குப்பைத் தொட்டி எங்க வெப்பீங்க, குழந்தை வண்டி இந்த சந்துல திரும்புமான்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. படத்துல இதெல்லாம் வெறும் கோடு, அங்க நின்னு பாக்கும்போதுதான் அங்க ஆளுங்க குடியிருக்கப் போறாங்கன்னே எனக்கு உறைச்சது.

மீட்டிங்ல அடுத்தது. அவங்க ஸ்கேல் ரூலர படத்து மேல வெச்சு பெட்ரூம் அகலத்த அளந்தாங்க, 2.6 மீட்டர். "இத டபுள் பெட்ரூம்னு எழுதியிருக்கீங்க, ஆகாது"ன்னாங்க. இங்க 2015லேர்ந்து நாட்டுக்கே பொதுவான ஒரு இட அளவு ஸ்டாண்டர்ட் இருக்கு, லண்டன் பிளான்லயும் (லண்டன் முழுக்க பொதுவான மேயரோட கட்டுமானத் திட்டம்) அதே அளவுதான், வீட்டோட முதல் டபுள் பெட்ரூம் 2.75 மீட்டராவது அகலம் இருக்கணும், பரப்பு 11.5 சதுர மீட்டர், சிங்கிள்னா 7.5 சதுர மீட்டரும் 2.15 மீட்டர் அகலமும். முழு வீட்டுக்கும் கணக்கு இருக்கு, ரெண்டு மாடில ஒரு பெட்ரூம் ரெண்டு பேருக்குன்னா 58 சதுர மீட்டர், ரெண்டு பெட்ரூம் மூணு பேருக்குன்னா 70, நாலு பேருக்குன்னா 79. லண்டன்ல சீலிங் உயரம் வேற, வீட்டுல முக்கால் பங்கு பரப்புக்காவது 2.5 மீட்டர் வேணும். எங்க படத்துல ரெண்டு வீடும் ரெண்டு பெட்ரூம் நாலு பேருக்குன்னு போட்டிருந்தோம், ஒண்ணு 66, இன்னொண்ணு 68 தான் வந்துச்சு. 15 சென்டிமீட்டருக்காக ஒரு ரூமையே வேணாம்னு சொல்லுவாங்களான்னு அண்ணனுக்குக் கோவம். நான் அப்படி நினைக்கல. நாங்க இருந்த ரெண்டாவது வாடகை வீட்டுல கட்டில் போட்டா அலமாரி கதவு திறக்காது, சின்னவன் அந்தக் கட்டில் மேல உக்காந்துதான் ஹோம்வொர்க் பண்ணுவான், அந்த 15 சென்டிமீட்டர் என்னன்னு எனக்குத் தெரியும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதுக்காகத்தான் இந்த ரிவ்யூவே. லெட்டர்ல ஆறாவது பக்கத்துல, மரம், சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் முடிஞ்ச பிறகு, ஒரு பத்தி. இந்த பரோல புதுசா ஒரு வீடு கூடினாலும் அஃபோர்டபிள் ஹவுசிங்குக்கு (குறைஞ்ச சம்பளக்காரங்களுக்கான வீட்டுக்கு) ஒரு பணப் பங்கு குடுக்கணும், செக்‌ஷன் 106 உறுதிமொழி (அனுமதிக்காக கட்டறவர் கவுன்சிலுக்கு எழுதிக் குடுக்கற சட்டப் பத்திரம்) எழுதிக் கையெழுத்து போடணும்னு இருந்துச்சு. கணக்கு போட்டுப் பாத்தா ஒரு புது கார் வாங்கற காசு. அண்ணன் அந்தப் பக்கத்த மேசை மேல போட்டுட்டு எழுந்து போயிட்டார்.

அவர் கோவத்துல ஒரு நியாயம் இருந்துச்சு, ஏன்னா அவர் எங்கயோ படிச்சது பத்து வீட்டுக்குக் கீழ இருந்தா அஃபோர்டபிள் ஹவுசிங் கேக்க முடியாதுங்கறது. அது பொய் இல்ல. மத்திய அரசோட பிளானிங் கொள்கைல அப்படித்தான் இருக்கு, பத்து வீட்டுக்குக் கீழ இருக்கற சின்ன சைட்ல கேக்கக்கூடாது, குறிப்பிட்ட கிராமப் பகுதில மட்டும் அஞ்சு வீடு இல்ல அதுக்கும் கீழ வரம்பு வெச்சுக்கலாம்னு. 2014 நவம்பர்ல மந்திரி அறிக்கையா வந்துச்சு, வெஸ்ட் பெர்க்‌ஷயர், ரெடிங் ரெண்டு கவுன்சிலும் கோர்ட்டுக்குப் போய் 2015ல ஜெயிச்சாங்க, 2016 மே மாசம் அப்பீல் கோர்ட்டு அத மாத்தி அரசு பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. அத்தோட விஷயம் முடிஞ்சதுன்னுதான் நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. ஆனா 2004 பிளானிங் சட்டத்துல 38ம் பிரிவுப்படி, ஒரு அப்ளிகேஷன முடிவு பண்ணும்போது முதல்ல பாக்க வேண்டியது அந்த ஊரோட லோக்கல் பிளான்தான் (எங்க என்ன கட்டலாம்னு கவுன்சில் போடற திட்டம்), வேற வலுவான காரணம் இருந்தாதான் அத மீறலாம். அதனால எந்த கவுன்சில் தன் ஊர்ல வீட்டுக்கு எவ்வளவு தட்டுப்பாடுன்னு ஆதாரத்தோட காட்டி லோக்கல் பிளான்ல எழுதி, அரசு இன்ஸ்பெக்டர் பரிசோதனைல பாஸ் பண்ணி வெச்சிருக்கோ, அது சின்ன சைட்லயும் கேக்க முடியுது. லண்டன்ல லண்டன் பிளானும் சேர்ந்ததுதான் அந்தத் திட்டம், அதுவும் சின்ன சைட்ல இத பணமா வாங்க பரோக்களுக்கு இடம் குடுக்குது. இஸ்லிங்டன்ல 2012லயே ஒரு வீட்டுக்கு 50,000 பவுண்ட், தெற்குப் பக்கம் 60,000னு நேரா தொகையா போட்டாங்க. கேம்டன்ல வேற மாதிரி, 100 சதுர மீட்டர ஒரு வீடுன்னு கணக்கு வெச்சு, பங்கு ஒரு வீட்டுக்கு 2 சதவீதம், ரெண்டுக்கு 4, இப்படியே ஏறி 25 வீட்டுல 50 சதவீதம்.

நாங்க காசு இருக்கறவங்க இல்ல, ஆனாலும் அந்தப் பங்க கேக்கறது தப்புன்னு என்னால சொல்ல முடியல. என் கூட வேலை பாக்கற ஒரு அக்கா, முதியோர் இல்லத்துல நைட் டூட்டி, ரெண்டு பசங்க, தற்காலிக வீடுன்னு கவுன்சில் குடுத்த ஒரே ரூம்ல இருக்காங்க, வாரா வாரம் போன்ல காலியா இருக்கற கவுன்சில் வீட்டுக்கு பிட் போடுவாங்க, அதாவது எனக்கு வேணும்னு பேர் குடுப்பாங்க, பிரேக் டைம்ல நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், லிஸ்ட்ல உங்க இடம் இத்தனையாவதுன்னு ஒரு நம்பர் வரும், அத பாத்துட்டு போன கவுத்து வெச்சிடுவாங்க. அந்த அக்காவுக்கு வீடு எங்கேர்ந்து வரும்? பெரிய பில்டர்ங்க கட்டற டவர்லேர்ந்து மட்டும்னா பரோல பெரிய காலி இடமே கிடையாது, இங்க கட்டறதெல்லாம் எங்கள மாதிரி ரெண்டு வீடு, நாலு வீடு, ஏழு வீடுன்னு முனை முனையாதான். எல்லாரும் நாங்க சின்ன ஆளுங்கன்னு கழண்டுக்கிட்டா அந்தப் பானைல ஒண்ணுமே விழாது.

அஃபோர்டபிள்ங்கற வார்த்தை மேல எனக்கு இருக்கற வருத்தமும் சொல்லிடறேன். சோஷியல் ரென்ட்னா ஒரு ஃபார்முலா, அந்தப் பகுதி சம்பளத்தையும் பாத்து வாடகை வரும், அது நிஜமாவே குறைவு. 2011ல வந்த அஃபோர்டபிள் ரென்ட்னா வெளி வாடகைல 80 சதவீதம் வரைக்கும் போகலாம், லண்டன்ல வெளி வாடகைல 80 சதவீதம்னா அந்த அக்கா மாதிரி சம்பளத்துக்கு எட்டவே எட்டாது. ரெண்டுக்கும் ஒரே தலைப்பு. அதனால நம்ம கட்டற பங்குல எந்த மாதிரி வீடு வருதுன்னு கேக்க நமக்கு உரிமை இருக்கு, நான் மீட்டிங்ல கேட்டேன், ஆபீசர் பதில் தெரியாதுன்னு மழுப்பல, எங்க தேடணும்னு சொல்லிக் குடுத்தாங்க. இப்படி பங்கு வாங்கற கவுன்சிலெல்லாம் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31க்குள்ள ஒரு கணக்கு அறிக்கை வெளியிடணும், 2020லேர்ந்து கட்டாயம், செக்‌ஷன் 106ல எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு செலவாச்சு, எவ்வளவு கைல இருக்குன்னு. அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன், எங்க பரோல அஃபோர்டபிள் ஹவுசிங்குன்னு வாங்கின காசுல கணிசமா செலவு பண்ணாம வெச்சிருக்காங்க. அத பாத்ததும் மனசு கஷ்டமாயிடுச்சு. பங்கு கேக்கறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல, வாங்கின காச பேங்க்ல வெச்சுக்கிட்டு அந்த அக்காவ ஒரே ரூம்ல வெச்சிருக்கறதுலதான் ஆட்சேபம், இத வார்டு கவுன்சிலருக்கு எழுதியிருக்கேன்.

சர்வீஸ் மேல என் பெரிய குறையும் இங்கதான். இவ்வளவு பெரிய தொகை ஆறாவது பக்கத்துல வரக்கூடாது. ப்ரீ-ஆப் ஃபீஸ் கட்டற பேஜ்லயே, சின்ன சைட்டா, புது வீடா, அப்ப இந்த பரோல இவ்வளவு பங்கு வரும்னு ரெண்டு வரி போட்டா போதும். அது ரகசியம் இல்ல, லோக்கல் பிளான்ல இருக்கு, ஆனா முந்நூறு பக்க பிடிஎஃப்ல எங்கயோ இருக்கு, தனியா ஒரு துணை ஆவணத்துல கணக்கு முறை இருக்கு, அத தேடிக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சவனுக்கு ப்ரீ-ஆப்பே வேணாம். இடம் வாங்கறவன் இத முன்னாடியே தெரிஞ்சா நிலத்துக்குக் குடுக்கற விலைல அத கழிச்சுக்குவான், அப்ப அந்தப் பங்கு நிலம் விக்கறவர் லாபத்துலேர்ந்து போகும், நியாயமும் அதுதான். பின்னாடி தெரிஞ்சா கட்டறவன் கைலேர்ந்து போகும், இல்ல கட்டாமயே விட்டுடுவான். ரேட் இவ்வளவுன்னு முன்கூட்டியே நேரா போட்டு வெக்கறதுதான் சின்ன ஆளுங்களுக்கு நல்லது, பங்கு கட்டினா லாபம் மிஞ்சுமான்னு பாக்கற வயபிலிட்டி கணக்குன்னு ஆரம்பிச்சா ரெண்டு பக்கமும் கன்சல்டன்ட் வெச்சு ஆயிரக்கணக்குல செலவு பண்ணணும், ரெண்டு வீட்டுக்கு அது கட்டுபடியே ஆகாது.

லெட்டர்ல நல்ல செய்தியும் இருந்துச்சு. காரேஜ் இருக்கற பகுதில வீடு வர்றது கொள்கை அளவுல சரின்னு தெளிவா எழுதிக் குடுத்தாங்க. தோட்டத்துக்குள்ள போனா வேற கதை, 2010லேர்ந்து ஊருக்குள்ள இருக்கற வீட்டுத் தோட்டம் ஏற்கனவே கட்டின நிலம்ங்கற கணக்குல வராது, அதனால சுவர தோட்டத்த விட்டு ரெண்டு மீட்டர் தள்ளிப் போடச் சொன்னாங்க. 2021 லண்டன் பிளான்ல கால் ஹெக்டேருக்குக் கீழ இருக்கற இடமெல்லாம் சின்ன சைட், பத்து வருஷத்துல லண்டன் முழுக்க கட்ட வேண்டிய 5,22,870 வீட்டுல 1,19,250 இந்த மாதிரி இடத்துலேர்ந்து வரணும்னு இலக்கு, அதுலயும் ஸ்டேஷன்லேர்ந்தோ கடைத்தெருலேர்ந்தோ 800 மீட்டருக்குள்ள இருந்தா கூடுதல் ஆதரவு. எங்க காரேஜ் ஸ்டேஷன்லேர்ந்து நடந்து ஏழு நிமிஷம், அது எங்களுக்கு பெரிய பலம்னு ஆபீசர் சொல்லித்தான் தெரியும், நாங்க எங்க விளக்கத்துல அத ஒரு வரி கூட எழுதல. லண்டனுக்கு வெளிலயும் இதே மாதிரிதான், வீட்டு இலக்குல 10 சதவீதமாவது ஒரு ஹெக்டேருக்கு மேல போகாத இடங்கள்ல வர்ற மாதிரி பாக்கணும்னு தேசிய கொள்கை சொல்லுது, உங்க கவுன்சில் லோக்கல் பிளான்ல அந்தப் பகுதிய எடுத்து வெச்சுக்கோங்க.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும், ப்ரீ-ஆப் லெட்டர் கவுன்சில கட்டுப்படுத்தாது. கடைசி வரில அதையும் போட்டிருப்பாங்க. ஆனா அதே ஆபீசர் டீம்தான் நாளைக்கு அப்ளிகேஷனையும் பாக்கும், அவங்க எழுதினத வரிக்கு வரி சரி பண்ணிக் காட்டினா மாத்திப் பேசறது கஷ்டம், நாங்க அப்படித்தான் ஒரு கவரிங் லெட்டர் போட்டோம், ஆறாம் பக்கம் மூணாம் பத்தில நீங்க கேட்டது இந்தப் படத்துல இங்க இருக்குன்னு.

யாருக்கு இது வேணாம்னா, வெறும் பின்பக்க எக்ஸ்டென்ஷன், லாஃப்ட் போடறவங்களுக்கு பெரும்பாலும் வேணாம், அதுக்கு பெர்மிஷனே தேவைப்படாத வழி நிறைய இருக்கு. இங்க வீடு வருமா வராதாங்கற ஒரே கேள்விதான்னா பெர்மிஷன் இன் பிரின்சிபில்னு ஒண்ணு இருக்கு, ஒம்பது வீடு வரைக்கும் போடலாம், இடம், உபயோகம், எண்ணிக்கை மூணுதான் பாப்பாங்க, அஞ்சு வாரத்துல முடிவு, அது சட்டப்படி நிக்கும். ஆனா ஜன்னல், குப்பைத் தொட்டி, பெட்ரூம் அகலம், பங்குத் தொகை இதெல்லாம் அதுல தெரியாது. எங்களுக்கு அந்த விவரம்தான் தேவைப்பட்டுச்சு. இடம் இன்னும் வாங்கலன்னா வாங்கறதுக்கு முன்னாடி ப்ரீ-ஆப் போடுங்க, ஓனராதான் இருக்கணும்னு எந்த ரூலும் இல்ல. மீட்டிங்குக்குப் போகும்போது பங்குத் தொகை எவ்வளவு, எப்ப கட்டணும், எங்க செலவாகும்னு மூணு கேள்விய எழுதிட்டுப் போங்க, நீங்க கேக்கலன்னா அவங்களா ஆரம்பிக்க மாட்டாங்க. இன்னொண்ணு, 2024 ஏப்ரல் 2லேர்ந்து சின்ன சைட்டுக்கும் பயோடைவர்சிட்டி கணக்குல, அதாவது செடி கொடி, உயிரினங்களுக்கான இயற்கை இட மதிப்புல, முன்னாடி இருந்தத விட 10 சதவீதம் கூட்டிக் காட்டணும்னு ரூல் வந்துச்சு, தானே கட்டிக் குடியிருக்கறவங்களுக்கு விலக்கும் வெச்சிருந்தாங்க, இப்ப உங்களுக்கு அது எப்படின்னும் அங்கயே கேட்டுடுங்க.

இப்ப நிலவரம்: ரெண்டு வீட்டையும் கம்மி ஆளுங்களுக்குன்னு மாத்தி வரைஞ்சிட்டோம், ஒண்ணு 70 சதுர மீட்டர், இன்னொண்ணு 58, பெட்ரூம் 2.8 மீட்டர் அகலம், பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் கூரைய தாழ்த்தி சரிச்சிட்டோம். 2025 ஏப்ரல்ல ஏறின ரேட்ல வீட்டுக்கு 588 பவுண்ட் வீதம் ரெண்டுக்கும் ஃபீஸ் கட்டி அப்ளிகேஷன் போட்டாச்சு, எட்டு வாரம் கெடு, இது அஞ்சாவது வாரம். உறுதிமொழிப் பத்திரத்துல அண்ணன் கையெழுத்து போட்டார், போடறதுக்கு முன்னாடி "அந்தப் பொண்ணுக்கு வீடு கிடைச்சா சொல்லும்மா"ன்னார். அக்காவுக்கு இன்னும் கிடைக்கல.

ஆபீசர் அறிவுக்கும் பொறுமைக்கும் 5க்கு 5. காலதாமதத்துக்கும், முக்கியமான தொகைய ஆறாம் பக்கத்துல வெச்சதுக்கும் 5க்கு 2. மொத்தமா 3.5 போடறேன், அந்த ரெண்டு வரிய முதல் பேஜுக்குக் கொண்டு வந்தாங்கன்னா நானே வந்து மார்க்க ஏத்தறேன்.